ஸாஹிராவை நிறுவியவர் யார்? பாடசாலை வரலாற்றைச் சரிபார்க்கும் அமானிதம்



ஒரு பாடசாலையின் வரலாற்றை அறிய விரும்பும் மாணவர் இன்று முதலில் நாடுவது விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியத்தையே. அங்குள்ள ஆண்டும் பெயரும் அப்படியே வகுப்பறைக் கட்டுரைக்குச் செல்கின்றன. பரிசளிப்பு விழா உரைக்கும் நினைவு மலருக்கும் சென்று, ஒரு தலைமுறைக்குள் மறுக்க முடியாத வரலாறாக நிலைபெற்று விடுகின்றன. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பது அக்களஞ்சியத்தின் சிறப்பு. எனவே, அதைச் சரிபார்க்கும் பொறுப்பும் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு.

நமக்கு வந்து சேரும் செய்தியைத் தெளிவுபடுத்திக் கொள்ளாமல் செயல்பட்டால், அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பது ஸூரத்துல் ஹுஜுராத்தின் 6ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கும் ஒழுக்கம். இறந்துபோன முன்னோர்களும் அத்தகைய ஒரு கூட்டத்தார்தாம். அவர்கள் செய்த பணி வேறொருவர் பெயரில் எழுதப்பட்டால், எழுந்து வந்து மறுக்க அவர்களால் இயலாது. ஆகவே, அவர்களின் உரிமையைக் காப்பது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். இதை விளக்க, கொழும்பு மருதானையிலுள்ள ஸாஹிராக் கல்லூரியின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். தமிழகத்து வாசகர்கள் ‘கல்லூரி’ என்றதும் பட்டப்படிப்பு நடைபெறும் இடத்தை எண்ணுவார்கள். இலங்கையிலோ உயர்நிலைப் பாடசாலைகள் பலவும் கல்லூரி என்றே பெயர் பெற்றுள்ளன. ஸாஹிராவும் பாடசாலையே, அதன் தலைவர் அதிபர் எனப்படுவார். இதனை அறியாமல் எழுதினால், முதல் வரியிலேயே பிழை புகுந்துவிடும்.

ஒரு கட்டத்துள் அடங்காத பெயர்கள்

களஞ்சியத்தில் பாடசாலைக் கட்டுரைகளின் ஓரத்தில் ஒரு தகவற்பெட்டி இருக்கும். அதில் ‘நிறுவனர்’ என்று ஒரு கட்டமும் உண்டு. ஸாஹிராவுக்கு அந்தக் கட்டத்தில் யார் பெயரை இடுவது? எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்ட அஹ்மத் அராபி பாஷாவின் பெயரைச் சிலர் சொல்வர். அறிஞர் சித்தி லெப்பையே என்பர் வேறு சிலர். வாப்பிச்சி மரைக்காரை முன்னிறுத்துவோரும் உள்ளனர். மூவருக்கும் பங்குண்டு, ஆயின் அந்தப் பங்குகள் ஒன்றல்ல.

முஹம்மது காசிம் சித்தி லெப்பை 1838இல் கண்டியில் பிறந்தவர், வழக்கறிஞர். முஸ்லிம் பிள்ளைகள் மார்க்கக் கல்வியோடு நவீனக் கல்வியையும் பெற வேண்டும் என்று வலியுறுத்தி ‘முஸ்லிம் நேசன்’ என்னும் இதழை நடத்தியவர். 1898இல் மறைந்தார். அராபி பாஷா, 1882 செப்டம்பரில் தல் அல்கபீர் போரில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்று, 1883 ஜனவரியில் கொழும்பில் வந்திறங்கி, 1901 வரை இத்தீவில் வாழ்ந்தவர். வாப்பிச்சி மரைக்கார், 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு அருங்காட்சியகத்தைக் கட்டிய ஒப்பந்தக்காரர்; தம் செல்வத்தைச் சமுதாயத்தின் கல்விக்கு வழங்கியவர்.

அராபி பாஷா வந்த பிறகுதான் இலங்கை முஸ்லிம்களிடையே கல்வி விழிப்பு பிறந்தது என்று எழுதுவோர் உள்ளனர். இதைச் சரிபார்க்க நீண்ட ஆராய்ச்சி தேவையில்லை. இரண்டு தேதிகளை அருகருகே வைத்தால் போதும். ‘முஸ்லிம் நேசன்’ வெளிவரத் தொடங்கியது 1882இன் இறுதியில். பாஷாவின் கப்பல் கொழும்பை அடைந்தது 1883இன் தொடக்கத்தில். விதை முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. உலகறிந்த ஒரு தலைவரின் வருகையும் ஆதரவும் அதற்கு நீர் வார்த்தன. இப்படிச் சொல்வதால் பாஷாவின் மதிப்பு குறையாது. சித்தி லெப்பையின் உழைப்பும் மறையாது.

எனவே, நேர்மையான பதிவு ஒரே பெயரைக் கட்டத்துள் திணிக்காது. கருத்தை விதைத்தவர், ஆதரவளித்தவர், பொருளுதவி செய்தவர் என்று பங்குகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய சான்றை அதனதன் அருகே வைக்கும். பாடசாலை எழுந்தது மருதானைப் பள்ளிவாசலை ஒட்டி. அந்த ஜமாஅத்தாரின் பங்கையும் அது மறவாது.

‘முதல்’ என்னும் சொல்

பாடசாலை வரலாறுகளில் மிகுந்த கவனத்துடன் கையாள வேண்டிய சொல் ‘முதல்’ என்பது. இலங்கையின் முதல் முஸ்லிம் பாடசாலை ஸாஹிராதான் என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் குர்ஆன் ஓதிக்கொடுக்கும் மத்ரஸாக்கள் அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே ஊர்தோறும் இருந்தன. நவீனக் கல்வியையும் சேர்த்துக் கற்பிக்கும் முயற்சியாகக் கொழும்பு புதிய சோனகர் தெருவில் அல் மத்ரஸதுல் கைரிய்யதுல் இஸ்லாமிய்யா 1880களிலேயே தொடங்கப்பட்டது. ஸாஹிரா தொடங்கிய 1892க்கு அது முற்பட்டது. அம்முயற்சி நீடிக்கவில்லை என்பதற்காக அதை வரலாற்றிலிருந்து நீக்கிவிட நமக்கு உரிமை இல்லை. ‘முதல்’ என்று எழுதுமுன் எந்த வகையில் முதல், எந்த ஊரில் முதல், யார் அப்படிச் சொன்னார் என்று மூன்று கேள்விகளைக் கேட்பது கடமை.

ஆண்டும் அவ்வாறே. பழைய அழைப்பிதழ்களிலும் கல்வெட்டுகளிலும் ஹிஜ்ரி ஆண்டு மட்டும் இருப்பதுண்டு. ஒரு ஹிஜ்ரி ஆண்டு பெரும்பாலும் இரண்டு ஆங்கில ஆண்டுகளில் பரவி நிற்கும். எடுத்துக்காட்டாக, ஹிஜ்ரி 1310 என்பது 1892 ஜூலை இறுதியில் தொடங்கி 1893 ஜூலை நடுவில் முடிந்தது. மாதம் தெரியாமல் மாற்றி எழுதினால் ஓராண்டுப் பிழை நேரும். அடிக்கல் நாட்டிய நாள், வகுப்பு தொடங்கிய நாள், அரசின் உதவிப் பட்டியலில் சேர்ந்த நாள் ஆகியவையும் வெவ்வேறு. மூன்றில் எதைத் ‘தொடக்கம்’ எனக் கொண்டோம் என்பதைக் கட்டுரை சொல்ல வேண்டும்.

பத்துப் பேர் சொன்னால் பத்துச் சான்றா?

ஒரு செய்தி பத்து இணையதளங்களில் காணப்படுகிறது என்பதாலேயே அது உறுதியாகிவிடாது. பத்தும் ஒன்றைப் பார்த்தே எழுதப்பட்டிருக்கலாம். இதனினும் சிக்கலான நிலை ஒன்றுண்டு. ஆதாரமின்றி ஒருவர் களஞ்சியத்தில் ஓர் ஆண்டை எழுதுகிறார். அதைப் பார்த்து ஒரு செய்தித்தாள் கட்டுரை வெளியிடுகிறது. பின்னர் அச்செய்தித்தாளையே ஆதாரமாகக் காட்டிக் களஞ்சியத்தில் அவ்வாண்டு உறுதி செய்யப்படுகிறது. பிழை தனக்குத் தானே சாட்சி கூறிக்கொள்ளும் நிலை இது.

ஹதீஸ் கலையைக் கற்றோருக்கு இது புதிதன்று. ஓர் ஆசிரியரிடமிருந்து ஏழு மாணவர்கள் ஒரு செய்தியை அறிவித்தாலும், அந்த ஆசிரியருக்கு மேலே சாட்சி ஒன்றுதான். ஒன்றையொன்று சாராத பல வழிகளில் வருவதற்கும், ஒரே ஊற்றிலிருந்து பல கால்வாய்களாகப் பிரிந்து வருவதற்கும் உள்ள வேறுபாட்டை நம் இமாம்கள் நுணுகி ஆராய்ந்தனர். அப்பார்வையை இங்கும் செலுத்தலாம். அக்காலத்துப் பத்திரிகை, கல்வித் திணைக்களத்தின் ஆண்டறிக்கை, பாடசாலையின் சேர்க்கைப் பதிவேடு ஆகிய மூன்றும் வெவ்வேறு கைகளால் எழுதப்பட்டவை. அவை ஒன்றுபட்டால் மனம் அமைதி பெறும். மாறுபட்டால், மாறுபாட்டையே பதிவு செய்ய வேண்டும்.

ஒரே பெயர், வேறு பாடசாலை

ஹதீஸ் கலையில் ‘அல் முத்தஃபிக் வல் முஃப்தரிக்’ என்று ஒரு பிரிவு உண்டு. பெயர் ஒன்றாகவும் ஆட்கள் வேறாகவும் இருக்கும் அறிவிப்பாளர்களைப் பிரித்தறிவது அது. கதீப் அல் பக்தாதி (ரஹ்) இப்பெயரிலேயே ஒரு நூல் யாத்தார். ஸாஹிராவின் பழைய மாணவர் பட்டியலைச் சரிபார்ப்போருக்கு இவ்வறிவு மிகவும் பயன்படும். ஏனெனில் கம்பளை, மாத்தளை, புத்தளம், கல்முனை ஆகிய ஊர்களிலும் ஸாஹிரா என்னும் பெயரில் பாடசாலைகள் உள்ளன. ‘ஸாஹிராவில் பயின்றார்’ என்று ஒரு நூலில் இருந்தால், எந்த ஊர் ஸாஹிரா என்று தெரியாமல் கொழும்புப் பட்டியலில் சேர்ப்பது தவறு.

எழுத்துக்கூட்டலும் தடையாகும். ஸாஹிரா, சாஹிரா, சாகிரா என்றும், அராபி, ஒராபி, உராபி என்றும் பல வடிவங்கள் வழங்குகின்றன. ஒரு வடிவத்தை மட்டும் தேடிவிட்டு ஆதாரமே இல்லை என்று முடிவு செய்தல் ஆகாது.

நம் முன்முடிவுகளும் பிழைக்கு வழிகோலும். 1921இல் அதிபர் பொறுப்பேற்று, கால் நூற்றாண்டுக்கு மேல் ஸாஹிராவை வளர்த்தெடுத்த டி. பி. ஜாயாவைச் சோனகர் என எண்ணுவோர் உண்டு. அவர் மலாய்ச் சமூகத்தைச் சேர்ந்தவர். அவருக்குப் பின் 1948இல் அதிபரான ஏ. எம். ஏ. அஸீஸைக் கொழும்புக்காரர் என எண்ணுவோரும் உண்டு. அவர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியில் பயின்றவர். இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான அவர், அவ்வுயர் பதவியை விட்டுவிட்டே பாடசாலைக்கு வந்தார். தமிழறிஞர் கா. சிவத்தம்பி ஸாஹிராவில் பயின்று, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். முஸ்லிம் பாடசாலை என்பதால் முஸ்லிம் பெயர்களை மட்டும் தேடினால், இத்தகையோர் விடுபட்டுப் போவர். அவர்களோடு அப்பாடசாலையின் பெருந்தன்மையும் மறைந்துபோகும்.

நம் வீடுகளில் உள்ள சான்றுகள்

களஞ்சியத்தின் விதி ஒன்று நம்மில் பலருக்கு மனக்குறையை உண்டாக்கும். வெளியிடப்பட்ட ஆதாரம் இருந்தாலன்றி ஒரு செய்தியை அது ஏற்காது. எண்பது வயதுப் பெரியவர் தம் கண்ணால் கண்டதைச் சொன்னாலும், அது அச்சேறாதவரை அங்கே இடமில்லை. இதைப் பெரியவர்மீது கொண்ட அவநம்பிக்கையாக நாம் கருத வேண்டியதில்லை. படிப்பவர் எவரும் தாமே திறந்து பார்க்கக்கூடிய சான்று வேண்டும் என்பதே அவ்விதியின் நோக்கம்.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. பெரியவர்களின் நினைவுகளைப் பெயர், நாள், இடத்தோடு எழுதி, பழைய மாணவர் மலர்களிலும் இதழ்களிலும் வெளியிடுவோம். வீட்டுப் பரணிலுள்ள பரிசளிப்பு விழா மலர்களையும் பழைய இதழ்களையும் எடைக்குப் போடாமல், ஈழத்துத் தமிழ் ஆவணங்களை மின்வடிவில் காக்கும் ‘நூலகம்’ போன்ற முயற்சிகளுக்கு வழங்குவோம். களஞ்சியத்தில் பிழை கண்டால், சினந்து அழிக்காமல் அதன் உரையாடற் பக்கத்தில் ஆதாரத்துடன் எடுத்துரைப்போம். நாம் பயின்ற பாடசாலை என்னும் பற்றினால் புகழ்மொழிகளைச் சேர்க்காதிருப்போம். உயிருடன் இருப்போரைப் பற்றிய செய்திகளில் இருமடங்கு எச்சரிக்கை கொள்வோம்.

சித்தி லெப்பையும் வாப்பிச்சி மரைக்காரும் தம் பெயர் ஒரு கட்டத்துள் எழுதப்பட வேண்டும் என்பதற்காக உழைத்திருக்க மாட்டார்கள் என்பது நம் நல்லெண்ணம். அவர்களுக்குரிய கூலி அல்லாஹ்விடம் குறைவின்றி உள்ளது. ஆயினும், யார் எதைச் செய்தார் என்பதைக் கூட்டாமலும் குறைக்காமலும் பிள்ளைகளுக்குச் சொல்வது நம் கடன். ஒரு கல்வி நிலையம் ஒரு தனி வீரரால் அன்றிப் பலர் தம்மால் இயன்றதைக் கொண்டுவந்து சேர்த்ததால் எழுந்தது என்று பிள்ளைகள் அறிந்தால், தாமும் எதையேனும் கொண்டுவந்து சேர்க்கலாம் என்னும் துணிவு அவர்களுக்குப் பிறக்கும்.

அல்லாஹ் நம் நாவையும் எழுதுகோலையும் உண்மையின்மீது நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.