மிளகாயின் காரமும் சிறுநீர்ப்பையின் நரம்புகளும்

தோட்டத்து லயங்களில் அம்மியில் மிளகாய் அரைத்த பெண்கள் ஓர் உண்மையை நன்கறிவர். புதிதாக அரைக்கும் சிறுமிக்குக் கை இரவெல்லாம் எரியும். நாள்தோறும் அரைப்பவளுக்கு அவ்வளவு எரிவதில்லை. பீடோங்கிலோ கூலிமிலோ எவரும் இதனை ஆராய்ச்சிப் பொருளாக எண்ணியதில்லை. ஹங்கேரியில், மிளகாய்க்குப் பெயர்பெற்ற செகெட் நகரில், மிக்லோஷ் யாஞ்சோ என்னும் மருந்தியலார் 1940களில் இதனையே ஆராய்ந்தார். மிளகாயின் காரப்பொருளாகிய காப்சைசினைத் திரும்பத் திரும்பப் பெற்ற விலங்குகள், வேதிப்பொருள்களால் விளையும் எரிச்சலை உணரும் ஆற்றலை இழந்தன. ஆனால் தொடுவுணர்வு குன்றவில்லை. காரம் எல்லா நரம்புகளையும் தாக்குவதில்லை. மெல்லிய நரம்பிழைகளில் ஒருவகையை மட்டும் தேர்ந்து மரக்கச் செய்கிறது என்பது இதனால் புலனாயிற்று.

அந்த மெல்லிய இழைகளுக்குள் இருப்பது என்ன? அதற்கான விடையின் முதற்பகுதி முன்னரே கிடைத்திருந்தது. 1931இல் இலண்டனில் உல்ஃப் வான் ஆய்லரும் ஜான் கேடமும் குதிரையின் மூளையிலிருந்தும் குடலிலிருந்தும் ஒரு சாற்றைப் பிரித்தெடுத்தனர். அது இரத்த அழுத்தத்தைத் தணித்தது. குடலைச் சுருங்கச் செய்தது. அதனைப் ‘பி’ என்று குறித்தனர். பொடி எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து அது. தமிழ்ப் பொடிக்கும் அவ்வொலி பொருந்துவது தற்செயலே. அப்பொருள் 11 அமினோ அமிலங்கள் கோத்த சிறு தொடர் என்பதைச் சூசன் லீமன் குழுவினர் 1971இல் கண்டறிந்தனர். நரம்புகள் சுரக்கும் இத்தகைய தொடர்களே நரம்புப் பெப்டைடுகள்.

இவ்விரண்டு இழைகளும் சிறுநீர்ப்பையில் வந்து இணைந்ததற்கு அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக மருந்தியல் பேராசிரியர் வில்லியம் டி குரோட்டின் உழைப்பு பெருங்காரணம். சிறுநீரைப் பற்றி அவையில் பேசக் கூசுவது நம் வழக்கம். வகுப்பறையிலும் சிறுநீரகத்தின் படத்தை வரைந்தபின் பையை விரைந்து கடந்துவிடுகிறோம். ஆயினும் அந்தப் பையின் வேலை எளிதன்று. மணிக்கணக்கில் தேக்கவேண்டும், பிறகு ஒரே கணத்தில் மனம் மாறியதுபோல் வெளியேற்றவேண்டும். பை நிறைந்த செய்தியைத் தண்டுவடத்துக்குக் கொண்டுசெல்பவை மயலின் உறை போர்த்த விரைவான நரம்பிழைகள். உறையற்ற மெல்லிய சி இழைகள் பெரும்பாலும் வாளாவிருக்கின்றன.

டி குரோட்டும் அவருடன் உழைத்தோரும் பூனைகளில் கண்டது இது: தண்டுவடம் அறுபட்டால் பை சில வாரங்கள் செயலற்றுக் கிடக்கிறது, பின்னர், மூளையின் ஆணையின்றித் தானே சுருங்கத் தொடங்குகிறது. அப்போது அதனைத் தூண்டுபவை, முன்பு வாளாவிருந்த சி இழைகள். நலமான பூனையின் பை காப்சைசினால் பெரிதும் மாறுவதில்லை. தண்டுவடம் அறுபட்ட பூனையிலோ அச்சுருக்கம் அடங்கிவிடுகிறது.

மோட்டார் சைக்கிள் விபத்தில் முதுகெலும்பு முறிந்த இளைஞனை எண்ணிப் பாருங்கள். நடக்க இயலாமையை உலகம் காண்கிறது. ஆடை நனைவதை அவன் மறைக்கிறான். மறைப்பதற்கும் அப்பால் ஆபத்துண்டு. கட்டுக்கடங்காமல் சுருங்கும் பை சிறுநீரை மேல்நோக்கித் தள்ளிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தண்டுவடம் காயமுற்றோர் ஒருகாலத்தில் மிகுதியாக மாண்டது சிறுநீரகச் செயலிழப்பினால்தான்.

இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் கார்லோ ஆல்பர்ட்டோ மாஜி இதே காலத்தில் மற்றொரு பக்கத்தை விளக்கினார். உணர்நரம்பு செய்தி சுமப்பது மட்டுமன்று. தன் முனையிலேயே பெப்டைடுகளை வெளியிட்டுத் தசையையும் குருதிக்குழாயையும் இயக்குகிறது என்று அவரும் மெலியும் 1988இல் எழுதினர். மறு ஆண்டு அவர் குழுவினர் மனிதரின் சிறுநீர்ப்பையில் காப்சைசினைச் செலுத்திய முடிவுகளை வெளியிட்டனர். 1992இல் இலண்டனில் கிளேர் ஃபௌலர், டி குரோட்டையும் உடன்கொண்டு, நரம்பு நோயாளிகளுக்கு அதனால் பயன் விளைந்ததை அறிவித்தார். காரத்தை உணரும் ஏற்பியை டேவிட் ஜூலியஸ் குழுவினர் கண்டது 1997இல்தான். அதற்கான நோபல் பரிசு 2021இல் வந்தது.

காப்சைசினைப் பைக்குள் செலுத்தும்போது எரிச்சல் கடுமையாக இருந்தது. ஆதலால் மொரோக்கோவில் வளரும் ஒரு கள்ளியின் பாலிலுள்ள ரெசினிஃபெராடாக்சினை நாடினர். நம் பால்மரமும் அக்கள்ளியும் ஒரே தாவரக் குடும்பம் என்பதைக் கெடா மாணவர்க்குச் சொல்லாமல் விடலாகாது. வீரியத்தில் காப்சைசினை விடப் பன்மடங்கு மிகுந்ததாயினும், அது சிறுநீர்ப்பைக்குரிய மருந்தாக நிலைபெறவில்லை. இன்று அவ்விடத்தைப் போட்டுலினம் நஞ்சு பிடித்திருக்கிறது. அமெரிக்கா அதற்கு 2011இல் ஒப்புதல் அளித்தது. தசையை இயக்கும் நரம்பின் சுரப்பைத் தடுப்பதோடு, உணர்நரம்புகள் பெப்டைடுகளை வெளியிடுவதையும் அது குறைப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.