டெனாரியஸ்: காசில் ஏறிய முகங்கள்

கி.மு. 211ஐ ஒட்டி, கார்த்தேஜுடன் இரண்டாம் பியூனிக் போர் நடந்துகொண்டிருந்தபோது, ரோம் டெனாரியஸ் என்னும் வெள்ளிக் காசை அடிக்கத் தொடங்கியது. எடை ஏறத்தாழ நாலரை கிராம். மதிப்பு பத்து வெண்கல அஸ். முன்பக்கத்தில் தலைக்கவசம் அணிந்த ரோமா தேவி, பின்பக்கத்தில் குதிரைகளில் பாயும் இரட்டையர் காஸ்டரும் பொலக்ஸும். அந்த இருவரும் போர்க்களத்தில் ரோமுக்குத் துணைநின்றார்கள் என்பது பழைய நம்பிக்கை. அன்று காசு ஊருக்கும் அதன் தெய்வங்களுக்கும் உரியதாக இருந்தது.

நாணயச்சாலையை மூன்று இளம் அதிகாரிகள் நடத்தினர். பதவிப் படியில் ஏறத் துடித்த இவர்கள் மெல்லத் தம் குலப்பெருமையைக் காசில் ஏற்றினர். ரோமின் தொன்மக் கதையில் வரும் ரோமுலஸ், ரீமஸ் குழந்தைகளைக் கண்டெடுத்த இடையன் ஃபாஸ்டுலஸை முன்னோனாகக் கொண்டாடிய ஒருவர், கி.மு. 137 வாக்கில் பாலூட்டும் ஓநாயையும் அந்த இடையனையும் பொறித்தார். எதிரிகளும் இந்த மொழியைக் கற்றுக்கொண்டனர்: கி.மு. 91இல் ரோமுக்கு எதிராகக் கிளர்ந்த இத்தாலியக் கூட்டாளிகளின் காசில், காளையொன்று ஓநாயைக் குத்திச் சாய்க்கிறது.

உயிரோடிருக்கும் ரோமானியர் எவரின் முகத்தையும் ரோமின் நாணயச்சாலை அதுவரை பொறித்ததில்லை. கி.மு. 44இல் ஜூலியஸ் சீசரின் முகம் ஏறியது. மார்ச் 15 அன்று அவர் கொல்லப்பட்டார். கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், பத்தாண்டுகளுக்கு முன் நாணய அதிகாரியாக இருந்தபோது விடுதலைத் தேவியைப் பொறித்தவர். கி.மு. 42இல் அவர் அடித்த காசின் பின்பக்கத்தில் இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலை பெற்ற அடிமைகள் அணியும் தொப்பி, கீழே அந்த மார்ச் நாளின் பெயர். முன்பக்கத்திலோ புரூட்டஸின் சொந்த முகம்! சீசரிடம் குற்றமாகத் தெரிந்தது தன்னிடம் அப்படித் தெரியவில்லை போலும்.

பேரரசில் முகம் மன்னருடையதே. அகஸ்டஸின் காசொன்றில் அவருடைய பேரர்கள் காயஸும் லூசியஸும் கேடயம், ஈட்டிகளோடு நிற்கிறார்கள். டைபீரியஸின் காசில் செங்கோல் ஏந்திய பெண்ணொருத்தி அமர்ந்திருக்கிறாள். அவள் டைபீரியஸின் தாய் லிவியாவா, அமைதித் தேவியா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. கடல்வணிகத்தால் டெனாரியஸ் தமிழகத்துக்கும் வந்தது; அங்கே கொங்கு நாட்டுப் புதையல்களில் மிகுதியாகக் கிடைப்பவை இந்த இரு வகைகளே. கி.பி. 64இல் பேரரசர் நீரோ டெனாரியஸின் எடையையும் வெள்ளியின் தூய்மையையும் குறைத்ததால், வணிகத்தில் பழைய காசுகளையே விரும்பினர் என்று கருதப்படுகிறது. ரோமானிய எழுத்தாளர் பிளினி சொல்லும் செய்தியும் எடையைப் பற்றியதே: வெவ்வேறு முகங்கள் கொண்ட டெனாரியஸ்கள் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு, இலங்கை மன்னர் ரோமானியரின் நேர்மையை வியந்தாராம்.