உண்டியல்: தாளாகவும் பெட்டியாகவும்

உண்டியல் என்றவுடன் இன்றைய தமிழர் மனத்தில் தோன்றுவது ஒரு பெட்டி. கோயில் மண்டபத்தில் பூட்டி முத்திரையிட்டு வைக்கப்பட்ட காணிக்கைக் கலமும், தெருக்கூட்டங்களில் குலுக்கப்படும் தகரக் குவளையும், சிறுவர் காசு சேர்க்கும் மண்கலமும் அச்சொல்லாலேயே சுட்டப்படுகின்றன. ஆனால் இதற்கு மூலமாகிய ஹுண்டி என்னும் சொல்லை இந்தியோ குஜராத்தியோ வங்காளமோ பேசுவோர் கேட்டால் பெட்டியை நினைப்பதில்லை. வணிகர் ஒருவர் மற்றோர் ஊரிலுள்ள வணிகருக்கு எழுதும் பணமுறியையே நினைப்பர். வடநாட்டுக் கோயில்களில் காணிக்கைப் பெட்டிக்குத் தானபாத்திரம், தானபேட்டி என்பன பெயர். சீக்கியர் குருத்துவாராவில் அது கோலக். சிறுவர் சேமிப்புக் கலம் குல்லக். கேரளக் கோயில்களிலும் பண்டாரம், காணிக்கவஞ்சி என்பனவே பெருவழக்கு. தமிழ், தெலுங்கு, கன்னட வழக்குகளிலேயே ஹுண்டி கோயிற்பெட்டியாக ஊன்றிவிட்டது.

இவ்வேறுபாடு அகராதிக்காரருக்கு மட்டும் உரிய செய்தியன்று. பதினெட்டாம் நூற்றாண்டில் வங்காளத்தின் வரிப்பணம் முர்ஷிதாபாத்தின் ஜகத் சேட் குடும்பத்தாரின் ஹுண்டிகள் வழியே தில்லிக்குச் சென்றது என்பது வரலாறு. இத்தொடரைத் தமிழாக்குவோர் 'உண்டியல் வழியே' என்று எழுதினால், சொல்லளவில் பிழை இல்லை; படிப்பவர் மனத்தில் மட்டும் பூட்டிய பெட்டி ஒன்று தில்லிக்குப் பயணமாகிறது. பழைய வணிகக் கடிதங்களில் வரும் 'உண்டியல் அனுப்பியிருக்கிறது' என்ற தொடரும் இவ்வாறே பிறழ உணரப்படலாம். ஆதலின் சொல்லின் இரு பொருளும் எங்குப் பிரிந்தன என்று காண்பது பதிப்பாசிரியருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் பயன் தருவதாகும்.

சொல்வடிவம்

தமிழில் சொன்முதல் ஹகரம் கெடுதல் இயல்பு. ஹுக்கா உக்கா ஆனது போல ஹுண்டி உண்டி ஆயிற்று. அவ்வாறு ஆனவுடன் அது, உணவு என்னும் பொருளுடைய பழந்தமிழ்ச் சொல்லாகிய உண்டியோடு வடிவில் ஒன்றிப்போயிற்று. குவியல், பொரியல், அவியல், துவையல் முதலிய சொற்களைப் போல அதன் இறுதியில் ஓர் 'அல்' சேர்ந்தமை இம்மயக்கத்தை விலக்கப் பயன்பட்டிருக்கலாம். எனினும் குவி, பொரி என்பன வினையடிகள், உண்டி வினையடியன்று. அயற்சொல் ஒன்று தமிழ் விகுதியை ஒப்புமையாக்கத்தால் ஏற்றுக்கொண்டது எனக் கொள்வதே பொருந்தும். காசை உண்ணும் கலம் ஆதலின் உண்டியல் எனப் பெயர் பெற்றது என்னும் விளக்கம் கேட்கச் சுவையானது. ஆயினும் பணமுறி என்னும் பொருளுக்கு அது வழிகாட்டவில்லை.

ஹுண்டியின் மூலமும் ஐயத்திற்கு இடமின்றி விளங்கிவிடவில்லை. தாதுபாடத்தில் திரட்டுதல் என்னும் பொருளில் ஹுண்ட் என்றொரு வினையடி கூறப்படுதலின், அதிலிருந்து பிறந்தது என்பார் பலர். திரட்டுதல் என்பது முறிக்கும் பெட்டிக்கும் ஒருசேரப் பொருந்துவதாகத் தோன்றுவதே இவ்விளக்கத்தின் கவர்ச்சி. ஆனால் பட்டியலில் மட்டும் இடம்பெறும் வினையடியைக் கொண்டு தென்னாட்டுப் பெட்டியை விளக்குவது, விடையை முன்னரே வைத்துக்கொண்டு வினாவைத் தேடுவதாகும்.

தாளாக இருந்த காலம்

ஹுண்டி என்பது ஓர் ஆணை. சூரத்திலுள்ள வணிகர் ஆக்ராவிலுள்ள தம் முகவருக்கு, இன்னாருக்கு இவ்வளவு தொகை கொடுக்க என எழுதுவது. பணம் ஊர்விட்டு ஊர் செல்லாமலே கைமாறும். வழிப்பறிக்கு அஞ்ச வேண்டுவதில்லை. பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியார், அவுரி கொள்முதலுக்கு வேண்டிய பணத்தைச் சூரத்திலிருந்து ஆக்ராவுக்கு இவ்வழியே அனுப்பினர். பிரெஞ்சு வணிகரான தாவெர்னியே தம் பயண நூலில், எந்தெந்த நகரிலிருந்து சூரத்திற்கு முறி எழுத எவ்வளவு வட்டம் பிடிக்கப்பட்டது என்பதைக் குறித்து வைத்துள்ளார்.

காட்டிய அளவில் பணம் தரவேண்டியது தர்சனி. குறித்த நாள் கழித்துத் தரவேண்டியது முத்ததி. ஷாஜோக் என்னும் வகை சிறப்பாகக் கருதத்தக்கது. அதன் பணத்தை, வணிக உலகில் மதிப்புடைய 'ஷா' ஒருவர் வழியாகவே பெறமுடியும்; திருடியவன் கொண்டுவந்து நீட்டினால் அது வெறுங்காகிதம். ஜோக்கமி என்பது சரக்கு பத்திரமாக வந்துசேர்ந்தால் மட்டுமே பணம் தரவேண்டிய முறி; கடனும் காப்பீடும் அதில் ஒரே தாளில் அடங்கின. முறி தொலைந்துவிட்டால் பேட் என்னும் இரண்டாம் படியும், அதுவும் தொலைந்தால் பர்பேட் என்னும் மூன்றாம் படியும் எழுதித் தரப்பட்டன. பணம் கொடுத்துத் தீர்ந்த முறி கோக்கா எனப்பட்டது.

ஆங்கிலேயர் 1881ஆம் ஆண்டு இயற்றிய மாற்றுமுறை ஆவணச் சட்டம் இவ்வழக்கங்களில் தலையிடாது ஒதுங்கிக்கொண்டது. கீழைநாட்டு மொழியில் எழுதப்பட்ட ஆவணங்களைப் பற்றிய உள்ளூர் வழக்கத்தை அச்சட்டம் பாதிக்காது என அதன் முதற்பிரிவே கூறுகிறது. தம்மைச் சட்டமே ஆளவேண்டும் என்று கருதும் வணிகர் அவ்வாறு முறியிலேயே எழுதிக்கொள்ளலாம். எழுதப்பட்ட மொழியைக் கொண்டே ஓர் ஆவணத்தின் சட்டநிலை வேறுபட்டது என்பது மொழி ஆய்வாளர் கருத்தில் கொள்ளத்தக்கது. மறுபுறம் அரசு இதற்கெனத் தனி முத்திரைத்தாள்களை அச்சிட்டு விற்று வருவாய் ஈட்டவும் தவறவில்லை.

தமிழ் வணிகரிடையே இதனைப் பெருமளவில் கையாண்டோர் நாட்டுக்கோட்டை நகரத்தார். தர்சன உண்டியல், தவணை உண்டியல் என அவர்தம் வழக்கில் வடசொல்லும் தமிழ் ஈறும் இணைந்தே நின்றன. இரங்கூனின் முகல் தெருக் கோயிலில் கூடி, தம்முள் கொடுக்கல் வாங்கலுக்குரிய நடப்பு வட்டியை அவர்கள் மாதந்தோறும் நிறுவினர். 1929-30ஆம் ஆண்டின் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கு ஏறத்தாழ 1,650 செட்டியார் நிறுவனங்கள் இருந்தன என்றும் அவற்றின் நடைமுறை முதல் ஏறத்தாழ 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது. சென்னைக்கும் இரங்கூனுக்கும் கொழும்புக்கும் இடையே நாள்தோறும் சென்ற உண்டியல், அன்று எவரும் மறைத்து வைக்கும் பொருளன்று.

பெட்டியான வகை

வட்டி குறிக்கும் இடமாகக் கோயில் அமைந்தமை நோக்கத்தக்கது. வாணிக நடவடிக்கை ஒவ்வொன்றிலும் சிறு பங்கை மகமையாகப் பிரித்துக் கோயிலுக்கு வைப்பது தமிழ் வணிகர் பலரிடம் நிலவிய வழக்கம். அங்ஙனம் சேரும் தொகை, இங்கே இருப்பினும் இங்குள்ளதன்று. பழனிக்கோ திருப்பதிக்கோ செல்லவேண்டியது. இல்லங்களிலும் மஞ்சள் துணி கட்டிய கலத்தில் 'திருப்பதி உண்டியல்' சேர்த்து, நேர்ந்த காலத்தில் கொண்டுசெல்லும் வழக்கம் உண்டு. ஓரூரில் கொடுக்கப்பட்டு வேறோர் ஊரில் சேரவேண்டிய பணம் என்னும் நிலையில், அக்கலத்தின் காசும் வணிகரின் முறியும் ஒரே தன்மையன. தொலைவிலுள்ள தெய்வத்திற்குச் செலுத்தவேண்டிய தொகையின் பெயர் அத்தொகையைத் தாங்கும் கலத்திற்கு ஆகி, பின்னர் தெய்வத்தின் முன்னரே வைக்கப்பட்ட பெட்டிக்கும் பரவியிருத்தல் கூடும். இது ஊகமே, ஆயினும் வேண்டுதலைத் தமிழர் நேர்த்திக்கடன் என வழங்குவது இதற்கு அரண் செய்கிறது.

திருமலையைப் பற்றிய தொன்மம் இக்கடன் கருத்தை இன்னும் வெளிப்படையாக்குகிறது. வேங்கடவன் தன் திருமணத்திற்காகக் குபேரனிடம் கடன் பெற்றான். அடியார் இடும் காசு அதற்கு வட்டியாகிறது. வட்டிக்காசுக்காரன் என்னும் பொருளுடைய பெயராலும் தெலுங்கர் அவனை அழைப்பர். இத்தொன்மத்தின்படி, ஹுண்டியில் காசிடுவோர் கொடை அளிப்பவரல்லர். இறைவனின் கணக்கைத் தீர்த்துவைப்பவர்.

இதற்கு நேர்மாறான கதை குஜராத்தில் வழங்குகிறது. ஜூனாகட்டில் வாழ்ந்த நரசிம்ம மேத்தாவிடம், துவாரகைக்குச் செல்லும் யாத்திரிகர் சிலர் பணத்தைக் கொடுத்து அங்கு மாற்றிக்கொள்ள முறி கேட்கின்றனர். ஏழையாகிய அவருக்குத் துவாரகையில் முகவர் எவரும் இல்லை. சாமளசா சேட் என்னும் பெயருக்கு அவர் முறி எழுதித் தர, கண்ணனே சேட்டாக வந்து அத்தொகையைக் கொடுக்கிறான். பிரேமானந்தர் இக்கதையை 'ஹுண்டி' என்னும் பெயரிலேயே ஆக்கியானமாகப் பாடினார். குஜராத்தில் இறைவன் ஹுண்டிக்குப் பணம் கொடுக்கிறான். தென்னாட்டில் உண்டியலில் பணம் பெறுகிறான். முறியும் பெட்டியும் பிரிந்த இடம் இக்கதைகளில் தெளிவாகிறது. முறியின் உயிர் அது திரும்பப் பணமாவதில் இருக்கிறது. பெட்டியோ வாங்கியதைத் திருப்பித் தருவதற்கென அமைந்ததன்று.

சோழர்காலக் கல்வெட்டுகளில் காணும் அறக்கொடைகளோடும் இப்பெட்டி ஒத்ததன்று. ஆங்கே விளக்கெரிக்கவோ திருவமுதுக்கோ ஒருவர் கொடுத்த பொன்னைச் சபையார் ஏற்று, அதன் பொலிசையைக் கொண்டு அறம் நடத்தினர். கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது. உண்டியலில் விழும் காசுக்குப் பெயரில்லை. கல்லில் எழுதும் வளமில்லாதவரின் கொடையும் இதனால் கோயிலுக்குள் சென்றது என்பதையும் மறுத்தற்கில்லை.

தமிழ்நாட்டு அறநிலையச் சட்டநடையில் இப்பெட்டிக்கு ஹுண்டியல் என்பது ஆங்கில வழக்கு. ஹகரத்தை இழந்து தமிழில் புகுந்து, 'அல்' பெற்றுத் தமிழாகிய சொல், மீண்டும் ஹகரத்தை ஏற்றுக்கொண்டு தமிழ் ஈற்றோடு ஆங்கிலம் புகுந்தது! உண்டியல்களை நிறுவுதல், பாதுகாத்தல், கணக்கிடுதல் பற்றிய 1975ஆம் ஆண்டு விதிகள் இப்பெயரையே தாங்கியுள்ளன. 2024 டிசம்பரில் திருப்போரூர்க் கோயில் உண்டியலில் பக்தர் ஒருவரின் கைப்பேசி தவறி விழுந்தது பற்றிய வினா எழுந்தபோது, உண்டியலில் விழுந்தது இறைவனுக்கே உரியது என்பதற்கு இவ்விதிகளே காட்டப்பட்டன. தவறி விழுந்தது காணிக்கையாகுமா என்பது சட்டத்தார் வினா. சொல்வரலாற்று நோக்கில், தொலைந்த முறிக்கு மும்முறை படி எழுதித் தந்த வணிக வழக்கின் பெயரிலேயே இவ்விதி நிற்பது முரண்.

குற்றமான வகை

பெட்டி புனிதம் பெற்றுவர, தாள் ஐயத்திற்கு உரியதாயிற்று. இந்தியாவில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு 1939இல், உலகப் போரையொட்டித் தொடங்கிற்று. 1947, 1973 ஆண்டுகளின் சட்டங்கள் அதனை இறுக்கின. அதற்கு முன் இரங்கூனிலிருந்து காரைக்குடிக்கு முறி எழுதுவது வாணிகம். பின்னர் இசைவின்றி அதனைச் செய்வது குற்றம். செயல் மாறவில்லை, இடையே எல்லைகள் எழுந்தன. உள்நாட்டிலும் 1961ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 69-டி என்னும் பிரிவு பின்னர்ச் சேர்க்கப்பட்டது. ஹுண்டியின் பேரில் வாங்கிய கடனும் திருப்பிய தொகையும் குறுக்குக் கோடிட்ட, பெறுநர் கணக்கிற்கே உரிய காசோலை வழியாக அன்றி நடந்தால், அத்தொகை வருமானமாகவே கொள்ளப்படும் என்றது அது. முறியைத் தடுக்காமல், அதன் வழக்கமான வழியை மட்டும் அடைத்தது அப்பிரிவு.

வங்கதேசத்தில் ஹுண்டி என்றால் இன்று, வெளிநாட்டில் உழைப்போர் வங்கியைத் தவிர்த்துப் பணம் அனுப்பும் வழி என்றே பொருள். இலங்கையில் அதே பொருளைத் தமிழ் வடிவமாகிய உண்டியல் பெற்றது. சிங்களமும் ஈற்றோடு அதனை அப்படியே ஏற்றுக்கொண்டது. 2021-22 ஆண்டுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடியில், உண்டியல், ஹவாலா வழிகளை விடுத்து வங்கிகள் வழியே பணம் அனுப்புமாறு இலங்கை மத்திய வங்கி வலியுறுத்தியபோது, நகரத்தாரின் பழஞ்சொல் அத்தீவின் இரு மொழிகளிலும் ஒருங்கே ஒலித்தது. இந்தியத் தமிழில் இவ்விடத்தை ஹவாலா என்னும் அரபுச்சொல் பிடித்துக்கொண்டமையால், உண்டியல் பெட்டியாகவே எஞ்சியது. ஈழத்து எழுத்தில் இரு பொருளும் இன்றும் உயிரோடிருத்தலின், தனித்து நிற்க இயலாத சொல்லாகி, ஓரிடத்தில் 'கோயில் உண்டியல்' என்றும் மற்றோரிடத்தில் 'உண்டியல் முறை' என்றும் அடைகொண்டே வழங்குகிறது.