மரக்கூண்டும் எலிப்பல்லும்

கழுகுமலைக்குச் செல்பவர்கள் வெட்டுவான் கோயிலைக் காணாமல் திரும்புவதில்லை. எட்டாம் நூற்றாண்டில், பாண்டியர் காலத்துச் சிற்பிகள் ஒரே பாறையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கிச் செய்த கோயில் அது. வேலை முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அந்தச் சிற்பிகளின் கையிலிருந்த உளிகள் எத்தனை முறை மழுங்கியிருக்கும்! கல்லில் வேலை செய்யும் உளியை அடிக்கடி உலையில் காய்ச்சி, அடித்து, தீட்டியாக வேண்டும்.

அதே கழுகுமலையைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில், யாரும் தீட்டாமலே கூர்மை குன்றாத உளியை வாயில் வைத்துக்கொண்டு திரியும் பிராணிகள் ஏராளம். அவைதாம் எலிகள். வெள்ளெலி, புல்லெலி, வரப்பெலி, சுண்டெலி என்று நம் உழவர்கள் அவற்றை இனம் பிரித்து அறிவார்கள்.

இப்போது எலிக் கூட்டத்தைச் சேர்ந்த வெளிநாட்டு விருந்தாளி ஒன்றும் நம் வீடுகளுக்கு வரத் தொடங்கியிருக்கிறது. அதன் பெயர் ஹாம்ஸ்டர். உருண்டை உடலும், குட்டை வாலும், தீனியை அடைத்துக்கொள்ளும் கன்னப் பைகளும் கொண்ட இந்தப் பிராணியைக் கண்டால் குழந்தைகள் விடமாட்டார்கள். வாங்கித் தரும் பெற்றோருக்கு அடுத்த கேள்வி எழுகிறது: "தச்சரிடம் சொல்லி மரத்தில் ஒரு கூண்டு செய்துவிட்டால் என்ன?" இக்கேள்விக்கு விடை சொல்ல ஒரு பழைய வரலாறு காத்திருக்கிறது. அதற்கு முன், அந்த உளியைச் சற்று உற்று நோக்குவோம்.

தானே தீட்டிக்கொள்ளும் உளி

எலி, அணில், ஹாம்ஸ்டர் ஆகியவை கொறிக்கும் பிராணிகள். இவற்றின் முன்பற்கள் மேலே இரண்டு, கீழே இரண்டு. நம் பற்களைப்போல ஓரளவு வளர்ந்ததும் இவை நின்றுவிடுவதில்லை. வேர்ப்பகுதி மூடாமல் திறந்தே இருப்பதால் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். எலிக்கு மாதம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்கும் மேலாகக் கீழ்ப்பல் வளர்கிறது. தேயாவிட்டால் பல் வளைந்து நீண்டு, தின்ன முடியாமல் அந்தப் பிராணி இறந்துபோகும்.

பல்லின் முன்புறத்தில் மட்டும் கெட்டியான எனாமல் பூச்சு உண்டு. பின்புறம் அதைவிட மென்மையான டென்டின். கொறிக்கும்போது பின்புறம் விரைவாகவும் முன்புறம் மெதுவாகவும் தேய்வதால், நுனி எப்போதும் சரிவான உளிமுனையாகவே நிற்கிறது. ஆகவே ஹாம்ஸ்டர் பலகையைக் கடிப்பது குறும்புத்தனம் அல்ல. அதன் உடலமைப்பின் கட்டாயம்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. வழவழப்பான, அகன்ற தளத்தில் இந்த உளி எளிதில் பிடிப்பதில்லை, வழுக்கிவிடும். விளிம்பு, மூலை, பலகைகள் சேரும் இடுக்கு, சிறு துளை ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கிடைத்தால் அங்கிருந்து வேலை தொடங்கும். மரக்கூண்டு என்பதோ பலகைகளைச் சேர்த்துச் செய்வது. இடுக்குகளுக்கு அதில் பஞ்சமே இல்லை.

சென்னையில் தொடங்கிய தேவை

நம் நாட்டின் வங்காளம், அஸ்ஸாம், பீகார் பகுதிகளில் எண்ணற்ற உயிர்களைக் கொன்ற கொடிய நோய் காலா அசார். காய்ச்சலும், மண்ணீரல் வீக்கமும், இரத்தச் சோகையும் கண்டு, சிகிச்சை இல்லாவிட்டால் நோயாளி மடிவார். இதற்குக் காரணமான நுண்ணுயிரை 1903-ஆம் ஆண்டு இருவர் தனித்தனியே கண்டறிந்து அறிவித்தனர். ஒருவர் இங்கிலாந்தில் இருந்த வில்லியம் லீஷ்மன். மற்றவர் சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன். இருவர் பெயரையும் சேர்த்து அந்த உயிருக்கு 'லீஷ்மானியா டோனவானி' என்று ரொனால்டு ராஸ் பெயரிட்டார்.

கிருமி தெரிந்தது. ஆனால் அதை ஆராய்ச்சிச்சாலையில் வளர்த்து, மருந்துகளைச் சோதிக்க ஏற்ற பிராணி வேண்டுமே! சீனாவில் வாழும் ஒரு வகை ஹாம்ஸ்டரை இந்நோய் எளிதில் பற்றும் என்பது 1920-களில் தெரியவந்தது. ஆனால் அது கூண்டில் குட்டி போட மறுத்தது. ஒவ்வொரு முறையும் சீனாவிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. ஜெருசலத்தில் ஹீப்ரு பல்கலைக் கழகத்தில் காலா அசாரை ஆராய்ந்து வந்த சால் ஆட்லர் இதனால் பெரிதும் தொல்லைப்பட்டார். அண்டை நாடுகளிலேயே ஒரு ஹாம்ஸ்டர் கிடைக்குமா என்று விலங்கியல் அறிஞர் இஸ்ரேல் அஹரோனியிடம் கேட்டார்.

சிரியாவின் அலெப்போ நகர்ப்புறத்தில் பொன்னிற ஹாம்ஸ்டர் ஒன்று வாழ்வதை 1839-இலேயே ஜார்ஜ் வாட்டர்ஹவுஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருந்தார். அஹரோனி 1930-ஆம் ஆண்டு ஏப்ரலில் அலெப்போ சென்றார். ஊர்த்தலைவர் ஒருவரின் உதவியால் கூலியாட்கள் ஒரு கோதுமை வயலைத் தோண்டினர். பல மணி நேரம் தோண்டி, பயிரில் பெரும்பகுதி பாழான பிறகு, ஏறத்தாழ எட்டடி ஆழத்தில் ஒரு தாயும் பதினொரு குட்டிகளும் அகப்பட்டன.

மரத்தளத்தில் ஓர் இரவு

மகிழ்ச்சி நீடிக்கவில்லை. பெட்டியில் இட்டதும் அஞ்சிய தாய் ஒரு குட்டியின் தலையைக் கடித்துக் கொன்றது. எஞ்சியவற்றைக் காப்பாற்றத் தாயைக் கொல்ல வேண்டியதாயிற்று. கண் திறக்காத குட்டிகளை அஹரோனியும் அவர் மனைவியும் கையாலேயே ஊட்டி வளர்த்தார்கள். அவற்றில் ஒன்பது, பல்கலைக் கழகத்தின் பிராணிக் கூடத்தைக் கவனித்து வந்த பென் மெனகம் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டன.

அவர் அவற்றை ஒரு கூண்டில் இட்டார். அக்கூண்டின் தளம் மரத்தால் ஆனது.

மறுநாள் காலையில் பார்த்தால் நான்குதான் இருந்தன! மரத்தளத்தை இரவோடு இரவாகக் கடித்துத் துளைத்து ஐந்து ஹாம்ஸ்டர்கள் வெளியேறிவிட்டன. வெளியேறிய ஐந்தில் ஒன்றும் பிழைக்கவில்லை. எட்டடி ஆழம் தோண்டி எடுத்த செல்வத்தில் பாதிக்கு மேல் ஒரே இரவில் போயிற்று. இன்னும் சிறிது நேரம் கிடைத்திருந்தால் மற்ற நான்கும் போயிருக்கும். காலா அசார் ஆராய்ச்சி மீண்டும் சீனாவை நோக்கிக் கையேந்தியிருக்கும்.

பென் மெனகம் மனம் தளரவில்லை. ஒரு பெரிய கம்பி வலைக் கூண்டை எடுத்து, அதற்குள் வைக்கோலை இறுக்கமாக அடைத்தார். அதில் பெண் ஹாம்ஸ்டரை விட்டு, இரண்டொரு நாள் கழித்து ஆணை விட்டார். இருண்ட வைக்கோல் பொதி அவற்றுக்கு மண்வளைபோல இருந்தது. அவை இணைந்தன. ஹாம்ஸ்டரின் கர்ப்ப காலம் வெறும் 16 நாள். ஒரே ஆண்டில் அந்தக் குடும்பம் 150 ஆகப் பெருகியது.

அவர் செய்த மாறுதலில் இரண்டு கூறுகள் உண்டு. பல் பாயாத சுவர் ஒன்று. உள்ளே பதுங்கிக் குடையப் பொருள் மற்றொன்று. நம் கேள்விக்கான விடையும் இவ்விரண்டிலேயே அடங்கியிருக்கிறது.

1931-இல் ஆட்லர் சில ஹாம்ஸ்டர்களைத் தம் கோட்டுப் பையில் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். 1938-இல் அவை அமெரிக்காவை எட்டின. இன்று உலகெங்கும் வீடுகளில் வளரும் பொன்னிற ஹாம்ஸ்டர்களில் மிகப் பெரும்பாலானவை அந்த ஒரே வயலில் கிடைத்த குடும்பத்தின் வழித்தோன்றல்களே. அதன் சொந்த மண்ணிலோ இன்று அது அருகிவரும் இனம்.

மரத்தின் மற்றக் குறைகள்

மரப்பெட்டியில் எலி வளர்ப்பது ஒரு காலத்தில் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிரான்பி என்ற ஊரில் ஆபி லாத்ராப் என்ற அம்மையார், வைக்கோல் பரப்பிய மரப்பெட்டிகளில் சுண்டெலிகளை வளர்த்து ஆராய்ச்சிச்சாலைகளுக்கு விற்று வந்தார். மரம் மலிவு, வேலை எளிது. ஆயினும் ஆராய்ச்சிச்சாலைகள் நாளடைவில் மரத்தைக் கைவிட்டு, துத்தநாகம் பூசிய இரும்பு, துருப்பிடிக்காத எஃகு, பின்னர் பிளாஸ்டிக் என்று மாறிவிட்டன. கடிபடுவது மட்டுமே இதற்குக் காரணம் அன்று.

முதலாவது ஈரம். பலகை சிறுநீரைக் குடித்துவிடும். ஹாம்ஸ்டர் பெரும்பாலும் ஒரே மூலையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் உடையது. அந்த மூலை விரைவில் ஊறி, உப்பி, உளுத்துப்போகும். சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, தரையோடு தரையாக வாழும் அந்தச் சிறு பிராணியின் கண்ணையும் மூச்சுக் குழாயையும் நாள்தோறும் அரிக்கும். நம் மூக்குக்கு நாற்றம் எட்டுமுன் அதற்குத் துன்பம் தொடங்கிவிடும்.

இரண்டாவது தூய்மை. உலோகத் தட்டை வெந்நீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காய வைக்கலாம். ஆராய்ச்சிச்சாலையில் 121 டிகிரி செல்சியஸ் நீராவியிலும் இடுவார்கள். பலகையை அவ்வாறு செய்தால் அது நெளிந்து வெடிக்கும். வெடிப்புகளில் செள்ளும் உண்ணியும் குடியேறினால் விரட்டுவது கடினம்.

மூன்றாவது மரத்தின் வாசனை. மணமுள்ள மரங்களின் ஆவி, பிராணிகளின் கல்லீரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது என்பதை, சீடர் மரச் சீவல் மீது வளர்த்த எலிகளைக் கொண்டு எலியட் வெசல் 1967-இல் காட்டினார். தூக்க மருந்து கொடுத்தபோது அந்த எலிகள் வழக்கத்தைவிடச் சீக்கிரமே விழித்துக்கொண்டன. ஒட்டுப்பலகையின் பசை, வார்னிஷ், வண்ணப்பூச்சு ஆகியவையும் கடிபடும்போது வயிற்றுக்குள் போகும்.

நான்காவது வெப்பம். மூன்று பக்கமும் பலகை அடைத்த கூண்டில் காற்றோட்டம் குறைவு. ஹாம்ஸ்டருக்கு ஏற்றது 20 முதல் 24 டிகிரி வரையிலான வெப்பநிலை. கோவில்பட்டி வட்டாரத்தின் சித்திரை வெயிலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. காற்றில்லாத பெட்டி அப்போது அடுப்பாகிவிடும்.

கரிசல் காட்டுப் பாடம்

எலிப்பல்லைச் சமாளிக்கும் கலை நம் மண்ணுக்குப் புதிதா? கோடையில் கரிசல் நிலம் பாளம் பாளமாக வெடிக்கும். அந்த வெடிப்புகளே புல்லெலிக்கு ஆயத்த வீடு. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்த கம்பும் சோளமும் உளுந்தும் கதிராகும்போது எலியும் கூடவே பெருகும். அறுவடையில் வீட்டுக்கு வந்த தானியத்தைக் காக்க வேண்டும்.

இந்தப் பகுதியின் பழைய வீடுகளில் அதற்குக் குலுக்கை இருந்தது. மண்ணைக் குழைத்து வட்டமாக எழுப்பி, வழவழப்பாக மெழுகிய உயரமான கலம் அது. தானியத்தை மேல்வாய் வழியே கொட்டி, அடியில் உள்ள துளை வழியே எடுப்பார்கள். மண்ணை எலி குடைய முடியாது என்பதில்லை. ஆனால் வட்டச் சுவரில் மூலை இல்லை. மெழுகிய பரப்பில் இடுக்கு இல்லை. உளி பதிக்க விளிம்பு அகப்படாது. மரக் கதவைத் தவிர்க்க முடியாத இடத்திலோ, கதவின் அடிவிளிம்பில் தகரப் பட்டை அடித்தார்கள். பல்லுக்கு விளிம்பு கொடுக்காதே என்பதுதான் இவ்விரண்டிலும் உள்ள சூத்திரம்.

எதை வாங்கலாம்?

மரத்தின் பக்கமும் சில நியாயங்கள் உண்டு. அது ஒலியை அடக்கும், இருளைத் தரும், கொறிக்க இடம் தரும். இம்மூன்றும் ஹாம்ஸ்டருக்குத் தேவையே. ஆகவே மரம் கூண்டுக்குள் இருக்கட்டும். கூண்டாக இருக்க வேண்டாம். மருந்து தெளிக்காத வேப்பங்குச்சியையோ கொய்யாக் குச்சியையோ உள்ளே போட்டால் பல்லும் தேயும், பொழுதும் போகும்.

கூண்டின் அடியில் ஆழமான, கழுவத் தக்க தட்டு வேண்டும். மேலே கம்பி அல்லது வலை. கம்பிகளின் இடைவெளி ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக இருக்கட்டும். வலையையே தளமாக்கினால் சிறு பாதங்கள் புண்ணாகும். தளம் பரந்ததாக இருப்பது நல்லது. மாடி மாடியாக உயர்ந்த கூண்டிலிருந்து ஹாம்ஸ்டர் விழுந்து காயப்படும். ஒரு கூண்டுக்கு ஒரு பொன்னிற ஹாம்ஸ்டர்தான். இரண்டை விட்டால் போரிட்டு மடியும்.

குடைவதற்குப் பொருள் நிறைய வேண்டும். சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் ஹாம்ஸ்டர்களை 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழமுள்ள படுக்கைகளில் வளர்த்துப் பார்த்தனர். ஆழம் குறைந்த கூண்டில் இருந்தவையே கம்பியை மிகுதியாகக் கடித்தன. ஆழமான படுக்கை கிடைத்தவை வளை தோண்டிக் குடியிருந்தன. வைக்கோலை அடைத்த பென் மெனகமின் யோசனை எவ்வளவு சரியானது என்பது 76 ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

மரக்கூண்டை ஏற்கனவே செய்துவிட்டவர்கள் உள்விளிம்புகளிலும் இடுக்குகளிலும் தகரப் பட்டையோ அலுமினியக் கோணமோ அடித்து, அடியில் தனித் தட்டு ஒன்றை வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை விளிம்புகளைத் தடவிப் பார்ப்பது நல்லது. புதிய பல்தடம் தென்பட்டால் அன்றே அடைக்க வேண்டும். அலுத்துப்போய் ஹாம்ஸ்டரைக் காட்டில் விடுவது மட்டும் கூடவே கூடாது. அது நம் வெயிலுக்கும் பூனைக்கும் பாம்புக்கும் பழகியதன்று.

கூண்டின் விலையைக் கேட்குமுன், "இதில் பல் பதிய விளிம்பு எங்கே இருக்கிறது?" என்று பாருங்கள். ஜெருசலத்தில் ஐந்து உயிர்கள் போன பிறகே அந்தக் கேள்வி கேட்கப்பட்டது. நமக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.