சவரக்கத்தியை வாரில் தீட்டுவது எப்படி? கூர் போவது எங்கே?

சினிமாவில் முடிதிருத்துநர் தோல் வாரில் கத்தியைப் 'பட் பட்'டென்று தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்க்க ஸ்டைலாகத்தான் இருக்கும். ஆனால் புதிதாகச் சவரக்கத்தி வாங்கியவர்கள் முதலில் கெடுத்துக்கொள்வது அந்த இடத்தில்தான். தாடையில் கத்தி இழுக்குது, எரியுது, இரண்டு சொட்டு ரத்தம் வருதுன்னா, 'கத்தி மட்டம், காசு வேஸ்ட்' என்று தோன்றும். பல நேரங்களில் கத்தி நல்ல கத்திதான். அதன் கூரை நீங்களே வாரில் மழுக்கியிருப்பீர்கள்.

மழுங்கிய கத்தியைக் கல்லில் தீட்டித் தர ஆள் கிடைப்பதும் நம் நகரங்களில் லேசுப்பட்ட காரியம் இல்லை. சலூன்களில் பெரும்பாலும் பிளேடு மாற்றும் கத்திக்கு வந்துவிட்டார்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி போல ரத்தம் வழியாகப் பரவும் தொற்றுகளைத் தவிர்க்க அதுதான் சரி. ஆனால் பழைய கத்தியைத் தீட்டும் பழக்கம் அதோடு குறைந்துபோனது. அதற்காகத் தெருவில் சாணை பிடிப்பவரிடம் கொடுத்துவிடாதீங்க. அரிவாள்மனைக்கும் கத்தரிக்கோலுக்கும் ஏற்ற சக்கரம் அது. சவரக்கத்தியின் மெல்லிய அலகு அதில் சூடேறினால் எஃகின் பதமே போய்விடும்.

வார் உண்மையில் என்ன செய்கிறது?

நன்றாகத் தீட்டிய சவரக்கத்தியின் நுனி விளிம்பு ஒரு மைக்ரானைவிட மெல்லியது. முடியை வெட்டும்போது அது இங்குமங்கும் வளைகிறது, சின்னச் சின்னதாகச் சிதைகிறது. எஃகை முடி எப்படிச் சிதைக்கும்? 2020இல் எம்ஐடி ஆய்வாளர்கள் 'சயின்ஸ்' இதழில் இதை விளக்கினார்கள். முடியைவிட எஃகு சுமார் 50 மடங்கு கடினமானது. ஆனாலும் எஃகின் நுண்ணமைப்பு சீராக இல்லாத இடத்தில், முடி வளைந்து ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மோதினால், விளிம்பில் சில்லு பெயர்கிறது. அவர்கள் பார்த்தது தூக்கியெறியும் ரேஸர் பிளேடுகளை. (ஆய்வாளர்களில் ஒருவர் தன் தாடியையே மழித்துவிட்டு, பிளேடை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். ஆராய்ச்சிக்கு ஆள் தேடி அலைய வேண்டாம் பாருங்கள்.)

வளைந்த விளிம்பை நேராக்கி மெருகேற்றுவதுதான் வாரின் வேலை. பெயர்ந்த சில்லை அதனால் ஒட்டவைக்க முடியாது, புதுக் கூரும் கொடுக்காது. அதற்குத் தீட்டுக்கல்தான் வேண்டும்.

கை எங்கே தப்பு செய்கிறது?

முதலில் வாரின் தொய்வு. வாடகை வீட்டில் சுவரில் கொக்கி அடிக்க முடியாது என்றால் ஜன்னல் கம்பியோ கதவுக் கைப்பிடியோ போதும். ஆனால் வார் மேசைப் பலகை மாதிரி தட்டையாக, விறைப்பாக நிற்க வேண்டும். தொய்வாக இருந்தால், கத்தி போகும்போது தோல் விளிம்பைச் சுற்றி மேலே வளைந்து வரும். அந்த வளைவு ஒவ்வொரு இழுப்பிலும் கூரைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டிவிடும். இடது கை சோர்ந்து தொய்ந்துபோகிறதென்றால், மரப்பலகையில் தோல் ஒட்டிய வார் வாங்குங்கள். அதில் இந்தப் பிரச்சினையே இல்லை.

அடுத்து அழுத்தம். 'நல்லா அழுத்தித் தேய்ச்சாத்தானே கூராகும்?' என்று கை தானாக நினைக்கும். கத்தியின் சொந்த எடை கிட்டத்தட்டப் போதும். அது வாரை விட்டு எழாமல் பார்த்துக்கொள்வது மட்டுமே விரல்களின் வேலை.

கத்தியின் தடித்த முதுகும் கூரான விளிம்பும் இரண்டுமே எப்போதும் தோலைத் தொட்டிருக்க வேண்டும். முதுகு முன்னால் போக, விளிம்பு பின்னால் இழுபட்டு வரும். கோணத்தைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், அதை முதுகின் தடிமனே தீர்மானிக்கிறது. சமையலறைக் கத்தியைத் தீட்டிப் பழகியவர்கள் முதுகைத் தூக்கிவிடுவார்கள். அங்கே அது சரி, இங்கே கூடாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தான இடம் திருப்பம். வாரின் கடைசிக்கு வந்ததும் கத்தி முழுசாக நிற்க வேண்டும். பிறகு முதுகு தோலிலேயே இருக்க, அதை அச்சாக வைத்து விளிம்பை மேலே தூக்கி மறுபக்கம் புரட்ட வேண்டும். மணிக்கட்டைத் திருகாமல், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் கத்தியின் கழுத்தை உருட்டினால் போதும். புரட்டி முடிப்பதற்குள் கை திரும்பி ஓடினால் விளிம்பு தோலைக் கடிக்கும். அந்த ஒரு கணத்தில் வாரும் வெட்டுப்படும், கத்தியும் மழுங்கும். இதைப் பழக மழுங்கிய பட்டர் கத்தி ஒன்றை எடுத்து, டிவி பார்த்துக்கொண்டே புரட்டிப் பாருங்கள். வீட்டில் சிரிப்பார்கள், பரவாயில்லை.

வார் கத்தியைவிட அகலம் குறைவாக இருந்தால் நேராக இழுக்காமல், குதிகால் பக்கத்திலிருந்து முனை வரை முழு நீளமும் தோலில் படும்படி சற்றுக் குறுக்காக இழுங்கள். ஒரே சீரான சத்தம் வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் மாறினால் கை சாய்கிறது என்று அர்த்தம்.

எத்தனை முறை? போய் வருவதை ஒன்றாகக் கணக்கு வைத்தால், துணிப் பட்டையில் 20 முதல் 30, தோலில் 50, 60 என்பது பரவலான வழக்கம். அவசரமாக 60 போவதைவிட நிதானமாக 30 போவது மேல். ஆபீஸுக்கு லேட் ஆகிற நாளில் சாதாரண ரேஸரை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை, மும்பை, கொச்சியில் இருந்தால்...

பெரும்பாலான சவரக்கத்திகள் கார்பன் எஃகு. கடலோர ஈரக்காற்றில், அதுவும் குளியலறையில் வைத்தால், விளிம்பில் துரு பிடிக்க அதிக நாள் ஆகாது. மழித்ததும் துடைத்து, துணிப் பட்டையில் ஐந்தாறு முறை லேசாக இழுத்து, ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். ஒரு வாரத்துக்குமேல் எடுக்கப் போவதில்லை என்றால் மினரல் ஆயில் ஒரு சொட்டுத் தடவலாம். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் பிசுபிசுக்கும்.

வாரில் சின்ன வெட்டு விழுந்திருந்தால், எழும்பி நிற்கும் தோலை நைஸான உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்கலாம். ஆழமான வெட்டு என்றால் அந்தப் பகுதியைத் தவிர்க்கணும், இல்லையென்றால் வேறு வார்தான்.

தீட்டியும் கத்தி இழுக்கிறதா? விளிம்பை விளக்குக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். கூரான விளிம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பாது. எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மினுங்கினால் அந்த இடம் மழுங்கிவிட்டது. அப்போது குரோமியம் ஆக்சைடு பூசிய தனி வாரில் பத்துப் பதினைந்து முறை இழுத்துப் பார்க்கலாம். அந்தப் பச்சைப் பசையைத் தினசரி வாரில் பூசாதீங்க. அதிலும் மாற்றமில்லை என்றால் கத்தி கல்லுக்குப் போக வேண்டும். தாத்தாவின் பெட்டியிலிருந்து எடுத்த, துருவும் பிசிறுமாக இருக்கும் பழைய சோலிங்கன் கத்திக்கும் இதே கதைதான். முதலில் கல், அப்புறம்தான் வார்.