ஏ பக்கம், பி பக்கம்: நம் வட்டாரத்துத் தொகுப்புக் கேசட்டுகள்

சந்தவாசல் வட்டார ஒலி, ஒளி அமைப்பாளர்களுக்கான இந்த மலரில் தொழிலின் வரலாற்றை எழுதித் தரும்படி கேட்டார்கள். எந்தக் கடை எப்போது திறந்தது, யார் முதலில் ஜெனரேட்டர் வாங்கினார் என்ற விவரங்களை மற்றவர்கள் எழுதுவார்கள். நான் கேசட்டைப் பற்றி எழுதுகிறேன். குழாயும் ஆம்ப்ளிபையரும் பணம் கொடுத்தால் கிடைத்தவை. எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதை மட்டும் அவரவர்தான் தேட வேண்டியிருந்தது. அந்தத் தேர்வுக்கு இதுவரை யாரும் பெயர் சொல்லி மரியாதை செய்ததில்லை.

தட்டுக் காலத்தில் இதற்கு இடமே இல்லை. கிராமபோன் கம்பெனி 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டைப் பதிவு செய்ததிலிருந்து அரை நூற்றாண்டுக்கு மேல் 78 சுற்றுத் தட்டுதான் நாட்டை ஆண்டது. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடமும் கொஞ்சமும் ஓடும், அவ்வளவுதான். பாட்டு முடிந்ததும் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும். மேல்நாட்டில் அந்தத் தட்டு ஓய்ந்த பிறகும், 1960-களில் பீட்டில்ஸ் பாட்டுகளை 78 சுற்றில் அச்சடித்துக்கொண்டிருந்தது அதே கம்பெனியின் கல்கத்தா டம் டம் ஆலை. கரண்ட் வராத ஊர்களில் சாவி கொடுத்து ஓட்டும் பெட்டிகள் இன்னும் பாடிக்கொண்டிருந்தன.

1948-ல் அமெரிக்காவில் வந்த எல்.பி. தட்டு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கொடுத்தது. அதன் பிறகுதான், ஏற்கெனவே வெற்றி பெற்ற பாட்டுகளை ஒன்றாகக் கோத்து மறுபடி விற்கலாம் என்ற யோசனை கம்பெனிகளுக்குப் பிடிபட்டது. 1958-ல் வந்த ஜானி மேத்திஸின் தொகுப்பை இந்த வகைக்கு முன்னோடி என்பார்கள். ஈகிள்ஸ் குழு 1976-ல் வெளியிட்ட தொகுப்புதான் அமெரிக்காவில் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் ஆல்பம். இங்கேயும் எச்.எம்.வி. நிறுவனம் டி.எம்.எஸ்., சுசீலா, சீர்காழி என்று தனித்தனித் தொகுப்புகளை விற்றது. ஆனால் கல்யாண வீட்டுக்கு ஒரே குரலில் பன்னிரண்டு பாட்டு எதற்கு? அங்கே முதலில் பிள்ளையார் பாட்டு, பிறகு மாப்பிள்ளை வீட்டாருக்குப் பழைய பாட்டு, இளவட்டங்களுக்கு இளையராஜா, பந்தி நேரத்தில் மெலடி என்று வேண்டும். இந்த வரிசையை எந்தக் கம்பெனியும் போட்டுத் தந்ததில்லை.

பிலிப்ஸ் நிறுவனம் 1963-ல் அறிமுகப்படுத்திய கேசட் நம் பக்கம் பரவியபோது அந்தக் குறை தீர்ந்தது. வேலூர், ஆரணி, போளூர் என்று டவுனுக்கு டவுன் ரெக்கார்டிங் சென்டர்கள் வந்தன. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாளில் பாட்டுகளை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால் சில நாளில் கேசட் தயாராக இருக்கும். அந்தத் தாளை எழுதுவது லேசான வேலை இல்லை. அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறு பாட்டு, இழுத்துப் பிடித்தால் ஏழு. தொண்ணூறில் பக்கத்துக்குப் பத்து. கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துவிடாமல் இருக்க, எந்தப் பாட்டு நான்கு நிமிடம், எது ஐந்து நிமிடம் என்று மைக்செட்காரருக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வேண்டும். நாடாவின் தொடக்கத்தில் ஒட்டியிருக்கும் வெற்றுப் பட்டையில் ஒலி பதியாது என்பதால், அதைப் பென்சில் விட்டுச் சுற்றித் தள்ளிய பிறகே பதிவுப் பட்டனை அழுத்துவார்கள். முடித்ததும் கேசட்டின் முதுகிலுள்ள சின்னப் பிளாஸ்டிக் தடுப்பை உடைத்துவிட்டால் யாரும் அழிக்க முடியாது. புதுப் படப் பாட்டைச் சேர்க்க ஆசை வந்துவிட்டால் அந்தப் பொந்தில் காகிதத்தைத் திணித்து மறுபடி பதிவார்கள். இப்படி ஒரே கேசட் பல தீபாவளிகளைத் தாண்டியிருக்கிறது.

இது சட்டப்படி சரியில்லாத வேலை என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் அப்போதும் இருந்தது. பாடியவருக்கும் இசையமைத்தவருக்கும் எழுதியவருக்கும் அந்தக் கேசட்டுகளிலிருந்து ஒரு பைசாகூடப் போகவில்லை. அந்த நஷ்டம் உண்மையான நஷ்டம். அதே சமயம், ஜனங்களுக்கு என்ன தொகுப்பு வேண்டும் என்பதைக் கம்பெனிகளுக்கு முன்னால் கண்டுகொண்டது இந்தத் திருட்டுப் பதிவுதான் என்பதையும் சொல்லியாக வேண்டும். பீட்டில்ஸ் கதையும் அப்படித்தான். அமெரிக்காவில் அனுமதியில்லாத ஒரு பீட்டில்ஸ் தொகுப்பு டி.வி. விளம்பரம் கொடுத்தே விற்கப்பட்ட பிறகுதான், 1973-ல் சிவப்பு அட்டையிலும் நீல அட்டையிலுமாக இரண்டு தொகுப்புகளை முறைப்படி வெளியிட்டார்கள். 2000-ல் இருபத்தேழு பாட்டுகளோடு வந்த ‘1’ தொகுப்பு உலகமெங்கும் விற்றது. அந்தக் குழு பிரிந்து முப்பது வருஷம் ஆகியிருந்தது.

நம் வட்டாரத்தின் மிகச் சிறந்த தொகுப்பு எது என்று என்னைக் கேட்டால், ஆடி மாதத்து அம்மன் கேசட் என்பேன். சினிமாவில் துள்ளல் பாட்டுகளுக்கு ராணியாக இருந்த எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய அம்மன் பாட்டுகள் இல்லாமல் இங்கே கூழ் ஊற்ற முடியாது. ஆடி வெள்ளியில் படவேடு ரேணுகாம்பாளைப் பார்க்க மாட்டு வண்டியிலும் பஸ்ஸிலும் லாரியிலும் வந்த கூட்டம் சந்தவாசல் வழியாகத் திரும்பும்போது, தெருவுக்குத் தெரு கட்டிய குழாய்களில் அந்தக் குரல்தான். கம்பெனி தந்த வரிசையை மைக்செட்காரர்கள் அப்படியே விட்டதில்லை. காலையில் நிதானமான பாட்டுகள். கரகம் கிளம்பும் நேரத்துக்கு வேகமானவை. பம்பை, உடுக்கைக்காரர்கள் வந்து நின்றால் செட்டை நிறுத்திவிட வேண்டும். அது எழுதாத சட்டம். எந்த நிமிடத்தில் எந்தப் பாட்டைப் போட்டால் கூட்டத்தில் யாருக்கு அருள் வரும் என்பதுவரை அறிந்தவர்கள் இருந்தார்கள். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி 2000-ல் வந்தபோது கடைசிப் பாட்டின் இடமும் மாறியது.

கேசட்டுக்குப் பின் எம்.பி.3 சி.டி., அதன்பின் பென்டிரைவ். 2017-ல் சரிகம நிறுவனமே ஐயாயிரம் பாட்டுகளைப் பெட்டியில் அடைத்து விற்கத் தொடங்கியது. பாட்டுக்குப் பஞ்சமில்லை, ஆனால் முன்கூட்டி உட்கார்ந்து இருபது பாட்டை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. என் கணிப்பில் தொழிலில் நேர்ந்த பெரிய மாற்றம் இதுதான், டிஜிட்டல் மிக்சர் வந்தது அல்ல.

பாட்டு வரிசை எழுதிய பழைய நோட்டுகளும் கேசட் அட்டைகளும் இன்னும் சில வீடுகளில், பரண்மேல் பழைய ஆம்ப்ளிபையர்களோடு கிடக்கின்றன. கேசட் நாடாவில் பூஞ்சை பிடித்துவிடும், தாள் செல்லரித்துவிடும். வைத்திருப்பவர்கள் விழாக் குழுவிடம் கொண்டுவந்து கொடுத்தால் பிரதி எடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடலாம். அட்டையில் யார் கல்யாணத்துக்கு, எந்த வருஷத் திருவிழாவுக்கு என்று எழுதியிருந்தால் அதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.