ஆளுதலும் கையாளுதலும்: ‘வீல்ட்’ என்னும் ஆங்கில வினையின் பொருள் வரலாறு

ஆங்கிலத்தில் ‘வீல்ட்’ என்றொரு வினை உண்டு. வாள், கோடரி, எழுதுகோல், மட்டை ஆகியவற்றைச் செயப்படுபொருளாக அது ஏற்கும். அதிகாரம், செல்வாக்கு ஆகியவற்றையும் ஏற்கும். அன்பு, பொறுமை, நாணம் போன்றவற்றை ஏற்பதில்லை. படைக்கலத்தைக் கையிற்கொண்டு இயக்குதல் இதன் முதற்பொருள் என்றும், அதிகாரம் செலுத்துதல் அதிலிருந்து பிறந்த உருவகப் பொருள் என்றும் பொதுவாகக் கருதப்படுகிறது. இன்றைய வழக்கை மட்டும் நோக்குவார்க்கு அது பொருந்துவதாகவே தோன்றும். ஆயின் சொல்லின் வரலாறு இதற்கு மறுதலையாக உள்ளது. அவ்வரலாற்றைக் காட்டுவதும், அதனைக் கருதாது தமிழாக்கும்போது நேரும் பொருளிழப்பைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழைய ஆங்கிலத்தில்

பழைய ஆங்கிலத்தில் ‘வெயல்டன்’ என்னும் வினைக்கு ஆளுதல், தன் வயத்தில் வைத்திருத்தல் என்பனவே தலைமைப் பொருள்கள். அவ்வினையடியாகப் பிறந்த ‘வெயல்டெண்ட்’, ஆள்பவன் என்னும் பொருளினது. பழைய ஆங்கிலச் சமயப் பாடல்களில் இறைவனைக் குறிக்கும் அடைபெயராகப் பெரிதும் பயின்று வந்தது. அரசர் பெயர்களிலும் இவ்வேர் நிலைபெற்றது. ஹெரால்டு என்பதில் படையும் ஆட்சியும் இணைந்துள்ளன. ஆஸ்வால்டு என்பதில் தெய்வமும் ஆட்சியும் இணைந்துள்ளன. இன்று ஐரோப்பாவிற்கு அப்பாலும் வழங்கும் வால்டர், ஜெரால்டு என்னும் பெயர்களும் இக்குடும்பத்தனவே.

இவ்வேரின் அரசியல் எடைக்குச் சிறந்த சான்று ‘பிரெட்வால்டா’ என்னும் சொல். 731இல் நிறைவுற்ற தம் திருச்சபை வரலாற்றில் பீடு என்னும் துறவி, தென் இங்கிலாந்து முழுவதன்மேலும் மேலாண்மை பெற்ற ஏழு அரசரைப் பட்டியலிட்டார். அவருள் ஆஸ்வால்டும் ஒருவர். பின்னர் எழுந்த ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு, வெசெக்சு நாட்டு எக்பெர்ட்டை எட்டாமவராகச் சேர்த்து அவரைப் ‘பிரெட்வால்டா’ எனக் குறிக்கிறது. அப்பதிவு 827ஆம் ஆண்டின்கீழ் இடம்பெற்றிருப்பினும், நிகழ்ச்சி நடந்தது 829 என்பர். பிரித்தானியரை ஆள்பவன் என்பதா, அகன்ற பரப்பை ஆள்பவன் என்பதா என அறிஞர் மாறுபடுகின்றனர். சில படிகளில் காணப்பெறும் வேற்று வடிவங்களே அவ்விவாதத்திற்குக் காரணம். பின்பகுதி ஆளுதலைக் குறிப்பது என்பதில் மட்டும் கருத்து வேறுபாடில்லை.

இதனால் படைக்கலப் பொருள் பிற்காலத்தது என்று முடிவுகட்டிவிடவும் இயலாது. 991இல் நிகழ்ந்த மால்டன் போரைப் பாடும் பழம்பாடலில் இவ்வினை போர்க்களத்தைத் தம் வயத்தில் கொள்ளுதலுக்கும் வருகிறது. படைக்கலங்களை இயக்கும் வலிமை உளதாதலுக்கும் வருகிறது. இரண்டிலும் அடிப்படைக் கருத்து ஒன்றே: ஒன்றின்மீது வல்லமை உடைத்தாதல். நாட்டின்மீது வல்லமை உடையவன் ஆள்கிறான். வாளின்மீது வல்லமை உடையவன் சுழற்றுகிறான். தன் உறுப்புகளின்மீது வல்லமை உடையவன் நடமாடுகிறான். எனவே ஒன்றிலிருந்து மற்றொன்று உருவகமாகப் பிறந்தது என்பதைவிட, ஒரு பரந்த பொருள் பின்னர்ச் சுருங்கிற்று என்பதே பொருந்தும்.

சுருக்கத்தின் காரணம்

1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் ஆட்சித்துறைச் சொற்கள் பல பிரெஞ்சிலிருந்து புகுந்தன. ஆளுதலைக் குறிக்கும் ‘ரூல்’, ‘ரெயின்’, ‘கவர்ன்’ ஆகிய மூன்றும் அவ்வழி வந்தனவே. இவற்றுள் இறுதியது கிரேக்கத்தில் கலத்தின் சுக்கானைச் செலுத்துதலைக் குறித்த சொல்லினின்று இலத்தீன் வழியாக வந்தது என்பது தனியே எண்ணி மகிழத்தக்கது. அரண்மனையிலிருந்து வெளியேற்றப்பெற்ற பழைய வினை, உடைமையைத் துய்த்தல், உறுப்புகளை இயக்குதல், கருவியைக் கையாளுதல் என்னும் எளிய பொருள்களோடு மக்கள் வழக்கில் தங்கிற்று.

இத்தங்கலின் தடம் ‘அன்வீல்டி’ என்னும் பெயரடையில் நன்கு புலனாகிறது. இன்று இது கையாளுதற்கரிய பெரும்பொருளைக் குறிக்கும். சாசர் வாழ்ந்த 14ஆம் நூற்றாண்டிலோ தன் உடலைத் தானே இயக்க மாட்டாத தளர்ந்த மனிதனைக் குறித்தது. வலுவின்மை முதலில் ஆளின்மேல் இருந்தது. பின்னர்ப் பொருளின்மேல் ஏற்றப்பட்டது. 1605ஐ ஒட்டி எழுதப்பெற்ற ‘லியர் அரசன்’ நாடகத்தில் மூத்த மகள் கானெரில், தன் அன்பு சொற்களால் ‘வீல்ட்’ செய்ய ஒண்ணாதது எனத் தந்தையிடம் கூறுகிறாள். நாட்டைப் பங்கிடும் அவையில், ஆட்சியைக் குறித்த பழஞ்சொல் வெறும் சொல்வன்மைக்கு ஆளப்பட்டிருப்பதை நாடகாசிரியர் கருதியே அமைத்தாரா என்பது அறியவொண்ணாதது; எனினும் இடம் பொருத்தமாகவே உள்ளது.

செருமானியத்தில் அதே வேர் அரசியலை விட்டு நீங்கவில்லை. ‘வால்டென்’ என்பது ஆளுதல். ‘ஃபெர்வால்டுங்’ என்பது நிருவாகம். ‘கெவால்ட்’ என்பது அதிகாரமும் வன்முறையும் ஒருங்கே. 1949ஆம் ஆண்டு அடிப்படைச் சட்டத்தின் 20ஆம் உறுப்பு, அரசதிகாரம் அனைத்தும் மக்களிடமிருந்தே தோன்றுவது என விதிக்கையில் ‘கெவால்ட்’ என்னும் சொல்லையே உறுப்பாகக் கொண்ட தொடர்ச்சொல்லைப் பயன்படுத்துகிறது. தெருவில் நிகழும் அடிதடிக்கும் அதே சொல்தான். வால்டர் பெஞ்சமின் 1921இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பை ஆங்கிலத்தில் ‘வன்முறை’ எனப் பெயர்த்தமையால் அதிகாரம் என்னும் மறுபாதி மறைந்துபோயிற்று. ஹன்னா அரெண்ட் 1970இல் அதிகாரமும் வன்முறையும் வெவ்வேறானவை, ஒன்றுக்கொன்று எதிரானவை என வலியுறுத்தி நூல் எழுதினார். அவரது தாய்மொழியே அவ்விரண்டையும் ஒரு சொல்லில் பிணைத்து வைத்திருந்தது என்பது ஈண்டு நினையத்தக்கது.

தமிழின் ‘ஆள்’

தமிழாய்வாளர்க்கு இவ்வரலாறு வியப்பளிக்காது. ‘ஆள்’ என்னும் வினை நாட்டை ஆளுதலையும் பொருளைப் பயன்படுத்துதலையும் இன்றளவும் ஒருங்கே தாங்குகிறது. அரசாட்சி, சொல்லாட்சி, ஆளுநர், எடுத்தாளுதல், ஆட்கொள்ளுதல், கையாளுதல் எனச் சொற்கள் இரு பக்கமும் கிளைத்துள்ளன. கிரயப் பத்திரங்களில் வாங்குபவர் நிலத்தை ‘ஆண்டனுபவித்துக்’ கொள்ளலாம் என எழுதும் மரபு, இடைக்கால ஆங்கிலத்தில் ‘வீல்ட்’ என்பது உடைமையைத் துய்த்தலைக் குறித்ததனோடு ஒப்புநோக்கத்தக்கது. இவ்விரு மொழிகட்கும் இனத்தொடர்பில்லை, கடன்பேறும் இல்லை. வல்லமை என்னும் ஒரே கருத்திலிருந்து இருவேறு மொழிக்குடும்பங்கள் ஒரே திசையில் சென்றுள்ளன. ஆங்கிலம் ஆளுதற்பொருளை அயற்சொற்களுக்கு விட்டுக்கொடுத்தது. தமிழோ அவ்வாறு விடவில்லை என்பதே வேறுபாடு.

‘கோலோச்சுதல்’ மற்றொரு வழி. ஓச்சுதல் என்பது உயர்த்துதல், வீசுதல். குறளின் 57ஆம் அதிகாரமான வெருவந்த செய்யாமையில், அரசன் ஒறுக்கத் தொடங்குங்கால் கடுமையாக ஓச்சி மென்மையாக எறிய வேண்டும் என்னும் கருத்து வருகிறது. அங்கே அச்சொல்லுக்கு உயிருண்டு. கை உயர்வதும் தாழ்வதும் கண்முன் நிற்கின்றன. இன்று திரைநடிகரும் விளையாட்டு வீரரும் ‘கோலோச்சுகின்றனர்’. கோலும் இல்லை, ஓச்சுதலும் இல்லை.

கருவி செயலற்றுக் குறியாவது சொல்லில் மட்டும் நிகழ்வதன்று. இங்கிலாந்து மக்களவையின் மேசைமேல் கிடக்கும் தண்டு முதலில் போர்க்கருவி. அது உரிய இடத்தில் இல்லையேல் அவை முறைப்படி கூட இயலாது. 1653இல் கிராம்வெல் அதனை அகற்றச் செய்தார். 1976இல் மைக்கேல் ஹெசல்டைன் என்னும் உறுப்பினர் வாக்கெடுப்பின் முடிவில் சினந்து அதனைக் கையில் தூக்கியது இன்றும் பேசப்படுகிறது. 1947இல் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் அளித்த செங்கோல் 2023 மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தில் மக்களவைத் தலைவரின் இருக்கையருகே நிறுவப்பெற்றது. இவ்விரண்டும் எவராலும் ஓச்சப்படாமல் இருத்தலே அவற்றின் இன்றைய பொருள்.

சட்டமொழியில் இரு வினைகள்

இந்தியச் சூழலில் இச்சொல்லாய்வு வெறும் அகராதிப் பணியன்று. அரசமைப்புச் சட்டத்தின் 53ஆம் உறுப்பு ஒன்றியத்தின் ஆட்சியதிகாரத்தைக் குடியரசுத் தலைவரிடம் வைத்து, அவர் நேரடியாகவோ தமக்குக் கீழ்ப்பட்ட அலுவலர் வழியாகவோ அதனைச் செலுத்துவார் என்கிறது. அங்கு ஆளப்படும் வினை ‘வீல்ட்’ அன்று, ‘எக்சர்சைஸ்’. இலத்தீனில் இச்சொல் ஓய்வின்றி இயக்குதல், பயிற்றுதல் என்னும் பொருளது. உடற்பயிற்சிக்கும் மாணவர் பயிற்சிப் பாடத்திற்கும் அச்சொல்லே வழங்குவது அதனாலேயே. ஒருவரிடம் முறைப்படி ஒப்படைக்கப்பட்ட அதிகாரம் இருந்தால்தான் அவர் அதனை இவ்வினைக்கு உட்படுத்த முடியும். அதனோடு கடமையும் சேர்ந்தே வரும்.

இதன் கூர்மையை 1951இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த பம்பாய்க் காவல் ஆணையர் – கோர்தன்தாஸ் பான்ஜி வழக்கு காட்டுகிறது. அந்தேரியில் திரையரங்கு கட்ட ஆணையர் இசைவளித்தார். பின்னர் மாநில அரசு பணித்தபடி அவ்விசைவு நீக்கப்பட்டதாக அறிவித்தார். சட்டம் அவ்வதிகாரத்தை ஆணையருக்குத் தந்திருந்ததால் அவரே தம் அறிவால் எண்ணி முடிவெடுத்திருக்க வேண்டும் என்றும், மேலிடத்தின் ஆணையைக் கடத்தியது அவ்வதிகாரத்தைச் செலுத்தியதாகாது என்றும் நீதிமன்றம் கூறிற்று. கோல் அவர் கையில் இருந்தது. ஓச்சிய கை வேறு.

நெருக்கடிநிலைக் காலம் (1975–77) இதன் மறுபக்கத்தைக் காட்டிற்று. 1977இல் அமைக்கப்பட்டு 1978இல் அறிக்கைகள் அளித்த ஷா ஆணையம், தில்லியில் நிகழ்ந்த கட்டட இடிப்புகளை ஆராய்ந்தபோது, எப்பதவியும் வகிக்காத சஞ்சய் காந்தியின் விருப்பப்படி அலுவலர் செயற்பட்டமையைப் பதிவு செய்தது. பதவியில்லாதவர் அதிகாரத்தை ‘எக்சர்சைஸ்’ செய்தார் எனச் சட்டமொழியில் கூற முடியாது. ‘வீல்ட்’ செய்தார் எனலாம். ஒப்படைப்பு இன்றியும் கைவலிமையால் இயக்குதல் இவ்வினையின் பண்டைப் பொருளிலேயே அடங்கியுள்ளது.

தமிழில் இவ்விரண்டிற்கும் பெரும்பாலும் ‘அதிகாரம் செலுத்துதல்’ என்பதே வழங்குகிறது. அதனால் பதவியாளரின் செயலும் பதவியற்றவரின் செயலும் தமிழ்த் தொடரில் ஒரே தகுதி பெற்றுவிடுகின்றன. ‘செலுத்துதல்’ என்பது செல்லுதலின் பிறவினை. சட்டப்படி செல்லத்தக்கதையே செலுத்த முடியும் என்பதால் அதனை முதல் வினைக்கு உரியதாக வரையறுத்துக்கொள்ளலாம். ‘வீல்ட்’ என்பதற்கு ‘அதிகாரத்தைக் கையாளுதல்’ பொருந்தும். கையும் ஆளுதலும் அதனுள் உள்ளன. பதவியின்றி நிகழ்ந்த இடத்தில் ‘அதிகாரத்தைத் தன் கையில் வைத்திருந்தார்’ என வெளிப்படையாகவே எழுதலாம். 53ஆம் உறுப்பிற்கு ‘கையாளுவார்’ என்பதும், ஷா ஆணையம் கண்ட செயலுக்குச் ‘செலுத்தினார்’ என்பதும் பொருந்தா.